நிறுத்தி வைத்த கேம்பருக்கு என்ன பாதுகாப்பு? – வாசகர் கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவில் கோடை நெருங்கும்போதெல்லாம் காருக்குப் பின்னால் இழுத்துப்போய் விரித்துத் தங்கும் கூடார வண்டியான கேம்பர் ட்ரெய்லர் பற்றிய கேள்விகள் குவிகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஓட்டுவதைப் பற்றியவை அல்ல, நிறுத்தி வைப்பதைப் பற்றியவை. கனடாவிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது.

கேன்வாஸ் கேம்பர் ட்ரெய்லர் வைத்திருக்கிறோம். வருடத்தில் நாலைந்து தடவைதான் வெளியே போகும். மற்ற நாளெல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் புல்தரையில் நிற்கிறது. நீலத் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஒரே கோடையில் உதிர்ந்து தூளாகிவிட்டது. ரெடிமேட் கவர் வாங்குவதா, கூரை போடுவதா?
– வாசகர், பிரிஸ்பேன்

இடமும் பணமும் இருந்தால் கூரை. இல்லாவிட்டால் காற்றுப் போய்வரும் கவர். தார்ப்பாய் வேண்டாம்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலத் தார்ப்பாய் பெரும்பாலும் 100 ஜிஎஸ்எம்முக்கும் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) குறைவான பாலிஎதிலீன். பிரிஸ்பேன் கோடையில் புற ஊதாக் குறியீடு 11-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் அது உதிர்வதில் வியப்பில்லை. உதிர்வதைவிடப் பெரிய கேடு, அது முழுசாக இருக்கும்போதே நடக்கிறது. பிளாஸ்டிக் வழியே ஈரம் வெளியேறாது. பகலில் புல்தரையிலிருந்து எழும் ஆவி உள்ளே தேங்கி, இரவில் தார்ப்பாய் குளிர்ந்ததும் அதன் அடிப்பக்கத்தில் நீர்த்துளியாகிச் சொட்டும். மழையே பெய்யாத வாரத்திலும் கேன்வாஸ் நனைந்திருப்பது இதனால்தான். அதோடு காற்றில் படபடக்கும் ஓரங்கள் பெயின்டையும் அக்ரிலிக் ஜன்னலையும் நாள்முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தூசி படிந்த வண்டிமேல் போட்டால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான்.

கவர் வாங்குவதானால் நெய்யாத பாலிப்ரொப்பிலீனில் பல அடுக்காகச் செய்தது வாங்குங்கள். மேல்பகுதி தடிமனாகவும் பக்கங்கள் காற்று புகும்படியும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் மூடியுள்ள காற்றுத் துளைகள் இருந்தால் நல்லது. அளவெடுக்கும்போது இழுவைக் கம்பியைச் சேர்க்காமல் உடல் நீளத்தை மட்டும் எடுங்கள். பின்னால் ஸ்டெப்னி, பக்கத்தில் ஜெர்ரி கேன் தாங்கி, மேலே ஏசி பெட்டி என்று துருத்துவதை எல்லாம் சேர்த்து அளக்க வேண்டும். பெரிதாக இருந்தால் பிறகு மடக்கிக்கொள்ளலாம் என்று வாங்குவது தவறு. தொளதொளவென்ற கவர்தான் முதலில் கிழியும். நீச்சல்குளத்தில் குழந்தைகள் மிதக்கப் பிடித்துக்கொள்ளும் நுரைக்குழாயை நெடுக்கில் கீறி, கூரை விளிம்பு, கீல், ஆன்டெனா, மூலைகள் எல்லாவற்றிலும் செருகிவிட்டு அதன்மேல் கவரை இழுங்கள். வார்களை வண்டிக்கு அடியில் குறுக்காகக் கட்டி இறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்க வேண்டியிருக்கும், துணி சற்றுத் தளரும். கவர் போடுமுன் வண்டியைக் கழுவி முழுக்கக் காயவைப்பது கட்டாயம்.

கூரை விஷயத்தில் ஒரு திசைக்கணக்கு. நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி தெற்குச் சுவர்தான் சுடும். ஆஸ்திரேலியாவில் அது தலைகீழ். வடக்குச் சுவரில்தான் வெயில். அதனால் வீட்டின் தெற்குப் பக்கம் நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்காலத்துக்கு அது சரி. பிரிஸ்பேனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். எந்தச் சுவரும் நிழல் தராது. மேலே ஒரு தகடு இருந்தால்தான் உண்டு. நாலு பக்கமும் திறந்த கார்போர்ட் வெயிலையும் மழையையும் தடுக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்காது. கவரால் முடியாத காரியம் அது. அமைக்கும்போது பளுவைவிட, காற்று மேல்நோக்கித் தூக்குவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். தூண்களைக் கான்கிரீட் அடித்தளத்தில் பொருத்தாமல் வெறும் முளையடித்து நிறுத்தும் கூடாரக் கார்போர்ட்டுகள் புயல்காற்றில் பக்கத்து வீட்டு வேலியில்தான் போய்க் கிடக்கும். அனுமதி தேவையா என்பதைக் கவுன்சிலில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எதைப் போட்டாலும் முதலில் புல்தரையிலிருந்து வண்டியை நகர்த்துங்கள். சரளைக்கல், பேவர், கான்கிரீட் எதுவானாலும் சரி. புல்லில் நின்றால் சேசிஸின் அடிப்பாகம் துருப்பிடிக்கும், எறும்பு குடியேறும். மேலே என்ன மூடினாலும் ஈரம் கீழிருந்து வந்துகொண்டே இருக்கும்.

டயரில் பட்டன் முழுசாக இருக்கிறது, அதிகம் ஓடவே இல்லை. ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள். கடையில் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, பெர்த்

இல்லை. அதிகம் ஓடாததுதான் காரணமே.

டயர் ரப்பரில் ஓசோனை எதிர்க்கும் மெழுகும் ரசாயனங்களும் கலந்திருக்கும். வண்டி ஓடும்போது டயர் நெளிய நெளிய அவை மேற்பரப்புக்குக் கசிந்து ஒரு மெல்லிய படலமாகின்றன. நிற்கும் டயரில் அந்தக் கசிவு மந்தமாகிவிடும். இருக்கும் படலத்தையும் வெயிலும் மழையும் தின்றுவிடும். அப்புறம் ஓசோன் நேரே ரப்பரைத் தாக்கும். இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் வெடிப்பு முதலில் தெரியும், அதாவது தரையை ஒட்டிப் பிதுங்கும் பக்கச்சுவரில்.

டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்கள் 3518 என்றால், 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. சில டயர்களில் இந்த எண் ஒருபக்கம் மட்டும் இருக்கும், வண்டிக்கடியில் டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். ட்ரெய்லர் டயரை ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்குள், பட்டன் எப்படியிருந்தாலும், மாற்றிவிடுவது நல்லது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வெடிக்கும் டயர் சக்கர வளைவையும் தரைப்பலகையையும் பிய்த்துக்கொண்டு போகும். செலவு டயர் விலையோடு நிற்காது. ஸ்டெப்னியும் அதே வயதுதான். பின்கதவில் மேற்கு வெயிலைப் பார்த்தபடி தொங்கும் ஸ்டெப்னியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

புது டயர் போட்ட பிறகு: வெள்ளை அல்லது வெள்ளி நிற வினைல் டயர் கவர் மாட்டுங்கள். அது இல்லையென்றால் ஒரு ப்ளைவுட் பலகையைச் சாய்த்து வைத்தாலே பாதி வேலை ஆயிற்று. டயருக்கடியில் பலகைத் துண்டு வையுங்கள்; டயர் தரையில் பதியும் அகலத்தைவிடப் பலகை பெரிதாக இருக்க வேண்டும், விளிம்பில் டயர் மடங்கக் கூடாது. காற்றை டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்துக்கு ஏற்றி வையுங்கள், மாதம் ஒருமுறை சரிபாருங்கள், கிளம்பும்போது ஓட்டுவதற்குரிய அளவுக்கு இறக்குங்கள். மாதக்கணக்கில் நிற்கும் என்றால் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து டயர்மீதுள்ள பளுவைக் குறைக்கலாம். நாலு மூலையிலும் உள்ள இறக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்குவதற்கல்ல. அவற்றில் ஏற்றினால் சட்டம் வளையும். ரப்பர் உருளை உள்ள டார்ஷன் அச்சு என்றால் அச்சுக் குழாயில் ஜாக்கி வைக்கவே கூடாது.

கறுப்பாகப் பளபளக்க வைக்கும் பெட்ரோலிய டயர் பாலிஷைக் கையில் எடுக்காதீர்கள். காப்பாற்றும் மெழுகைக் கரைத்துவிட்டுப் பளபளப்பை மட்டும் விட்டுவைக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

ஈஸ்டர் விடுமுறையில் மழையில் நனைந்த கூடாரத்தை அப்படியே மடித்துக்கொண்டு வந்தோம். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் கறுப்புப் புள்ளிகள். ப்ளீச் போடலாமா?
– வாசகர், மெல்பர்ன்

போடாதீர்கள். ப்ளீச் புள்ளியை வெளுக்கும், கூடவே பருத்தி நூலையும் அரிக்கும். சலவை டிடர்ஜென்ட் நீர்க்காப்புப் பூச்சைக் கழற்றிவிடும். இரண்டும் போட்ட கேன்வாஸ் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், அடுத்த மழையில் ஒழுகும்.

கூடாரத்தை வெயில் நாளில் முழுக்க விரித்து, ஒருநாள் காயவிடுங்கள். காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் வெளியே நின்று பூஞ்சைத் தூளைத் தட்டிவிடுங்கள்; மூக்குக்கு முகக்கவசம் வேண்டும். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஊறவிட்டு, மெதுவாகத் தேய்த்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். பூஞ்சை செத்துவிடும், கறை முழுதாகப் போகாது. நூலுக்குள் இறங்கிய கறுப்பு அங்கேயே இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு போய்த் துணியைக் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

அலசிக் காய்ந்ததும் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்துமுத்தாக உருண்டால் பூச்சு நன்றாக இருக்கிறது. துணி இருண்டு உறிஞ்சினால் நீர்க்காப்புத் திரவம் மறுபடி பூச வேண்டும். பாலிகாட்டன் (பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த) கேன்வாஸுக்கு என்று எழுதியிருப்பதாக வாங்குங்கள். தையல் ஓட்டையில் மட்டும் சொட்டினால் பூச்சு தேவையில்லை. கூடாரத்தை விரித்து ஹோஸால் நன்றாக நனைத்துக் காயவிடுங்கள், இரண்டு மூன்று முறை. நூல் ஊறிப் பருத்து ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். புதுக் கேம்பர் வாங்கியவர்கள் முதல் பயணத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இனி நனைந்து வந்தால் இரண்டு நாளுக்குள் திறந்து காயவைத்தாக வேண்டும். முழுக்க விரிக்க இடமில்லாவிட்டால் பாதியாவது திறந்து மின்விசிறி வையுங்கள். துணி காய்ந்துவிட்டதா என்பதை நடுவில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓரமடிப்பும் ஜிப் தைத்த இடமும் கடைசியில்தான் காயும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். மெத்தையைத் தூக்கி அதற்கடியிலும் பாருங்கள்.

இன்னொன்று. மடித்த கூடாரத்தின்மேல் இழுத்து மூடும் பிவிசி பயணக் கவர் காற்றைத் துளியும் விடாது. உள்ளே போன ஈரம் உள்ளேயேதான். அந்தக் கவரில் துணிக்கு முன் தையல் நூல்தான் வெயிலில் நைந்து போகும். நகத்தால் நூலை இழுத்துப் பாருங்கள். பிசிறாக வந்தால் துணி கிழிவதற்குள் தைப்பவரிடம் கொடுத்து மறுதையல் போடுங்கள்.

கூரையில் 200 வாட் சோலார் பேனல் இருக்கிறது. அது பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கவர் போட்டு விட்டிருந்தோம். இரண்டு மாதத்தில் 100 ஆம்ப்-ஹவர் ஏஜிஎம் (ஈய வகை) பேட்டரி செத்துவிட்டது. எல்லா விளக்கும் அணைத்துத்தான் இருந்தது.
– வாசகர், சிட்னி

கவருக்குள் பேனலுக்கு வெயில் ஏது! விளக்கு அணைந்திருந்தாலும் ரேடியோவின் காத்திருப்பு நிலை, வாயுக் கசிவு எச்சரிப்பான், பேட்டரி மானிட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும். மொத்தம் 0.1 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட நாளுக்கு 2.4, மாதத்துக்கு 72 ஆம்ப்-ஹவர். ஆறு வாரத்தில் பேட்டரி காலி. காலியாகிக் கிடக்கும் ஈய பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் இறுகிப் போனால் சார்ஜ் ஏறாது.

பேட்டரியின் பாசிட்டிவ் கம்பியில் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்று போட்டு, நிறுத்தும்போது அணைத்துவிடுங்கள். ஏஜிஎம் என்றால் முழுதாக ஏற்றிவிட்டு, வோல்டேஜை மாதமொருமுறை பாருங்கள், 12.5-க்குக் கீழே இறங்குமுன் ஏற்றிவிட வேண்டும். வீட்டு மின்சாரம் எட்டினால் ஏஜிஎம் நிலை உள்ள ஸ்மார்ட் சார்ஜர் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு வழி வேறு: பாதி அல்லது சற்று மேலே சார்ஜில் வைத்து இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். எந்தப் பேட்டரிக்கும் சூடு கெடுதல்தான். ஈய பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும். மேற்கு வெயில் படும் முன்பெட்டிக்குள் பேட்டரி இருந்தால் அந்தப் பெட்டிக்காவது நிழல் கொடுங்கள்.

தடித்த கவர் போட்டால் ஆலங்கட்டியைத் தாங்குமா?
– வாசகி, ஸ்பிரிங்ஃபீல்ட் லேக்ஸ், குயின்ஸ்லாந்து

பட்டாணி அளவுக்குத் தாங்கும். 2020 அக்டோபர் 31-இல் உங்கள் பகுதியில் விழுந்ததைப் போன்ற பெரிய கட்டிகளைத் தாங்காது. 2014 நவம்பர் 27-இல் பிரிஸ்பேன் நகரத்தையே அடித்துப் போட்ட புயலிலும் துணிக் கவர்களால் பெரிய பயன் இருந்திருக்காது. ஆலங்கட்டியின் வேகத்தைக் குறைக்க இடைவெளி வேண்டும். உடலோடு ஒட்டிய துணியில் அடி நேரே கூரைத் தகட்டில் இறங்கும். ஸ்டான்தார்ப் ஆப்பிள் தோட்டங்களில் கட்டுவது போன்ற ஆலங்கட்டி வலையை வண்டிக்கு மேல் உயர்த்தி, சரிவாக, விறைப்பாகக் கட்டுவது நல்ல வழி. தட்டையாகக் கட்டினால் கட்டிகள் நடுவில் குவிந்து வலையோடு இறங்கிவிடும்.

முதலில் உடைவது கூரையிலுள்ள பிளாஸ்டிக் ஹேட்ச் மூடிதான். வெயிலில் நொறுங்கிப் போன பழைய மூடிக்குச் சின்ன ஆலங்கட்டியே போதும். 50 மி.மீ. நுரைப் பலகை வெட்டி ஹேட்ச் மேல் வைத்து, அதற்குமேல் கவர் போடுங்கள். வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே கூரையை நாலு கோணத்தில் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்தால் இன்சூரன்ஸ் பேச்சு சுருக்கமாக முடியும்.

மழைக்காலம் முழுக்க டார்வினில் பூட்டி வைக்கிறோம். எல்லாத் திறப்பையும் டேப் போட்டு அடைத்துவிடலாமா? புயல் வந்தால்?
– வாசகர், டார்வின்

அடைத்தால் உள்ளே பூஞ்சைப் பண்ணைதான். கூரை நிழல் இருந்தால் ஹேட்ச்சை இரண்டு விரல் திறந்து கொசுவலை கட்டுங்கள். அலமாரிக் கதவுகள் திறந்திருக்கட்டும், மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் கதவைத் துடைத்துக் காயவைத்து ஒரு துணிச்சுருள் செருகிவிடுங்கள். கால்சியம் குளோரைடு ஈர உறிஞ்சிகளை ஒரு பேசினுக்குள் வைத்தால் நல்லது. அது உறிஞ்சிய உப்புநீர் சிந்தினால் இரும்பையும் அலுமினியத்தையும் தின்னும். மண்குளவி காஸ் ஹீட்டரின் புகைக்குழாயிலும் ஃபிரிட்ஜ் காற்றுத் துவாரத்திலும் கூடு கட்டும், அங்கே மெல்லிய துருப்பிடிக்காத வலை போடுங்கள்; வெறுமனே அடைத்துவிட்டு மறந்துபோய் ஹீட்டரைப் பற்றவைக்காதீர்கள்.

புயல் பருவம் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை கவரைக் கழற்றுவது. பலர் கூடுதலாகக் கட்டுகிறார்கள். அது பாய்மரம் கட்டுவதற்குச் சமம். கூரை உயரும் வகை என்றால் இறக்கிப் பூட்டுங்கள். கீழே பொருத்திய தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ பளு. காஸ் வால்வை மூடுங்கள். வாரைக் கூரைக்குமேல் போடாமல், சேசிஸிலிருந்து கான்கிரீட்டில் பதித்த கொக்கிக்கு இழுத்துக் கட்டுங்கள்.

எங்களுடையது டென்ட் ட்ரெய்லர். வெயில் பிரச்சினை இல்லை, பனிதான். நீல தார்ப்பாய்தான் போடுகிறோம், அதையும் வேண்டாம் என்பீர்களா?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

தட்டையாகப் போட்டால் வேண்டாம் என்போம். 2 மீட்டருக்கு 4 மீட்டர் கூரையில் 30 செ.மீ. ஈரப்பனி இறுகிக் கிடந்தால், கன மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கிட்டாலே 480 கிலோ. மடித்த கூரையும் அதன் கம்பிவடத் தூக்கிகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நெடுக்கே ஒரு மரமுகடு கட்டி, இருபுறமும் செங்குத்தான சரிவாகத் தார்ப்பாய் இழுங்கள். கூரைக்கும் அதற்கும் இடையே வெளி இருக்கட்டும், முன்னும் பின்னும் திறந்திருக்கட்டும். அப்படிக் கட்டினால் தார்ப்பாயும் பரவாயில்லை, ஒரு குளிர்காலத்துக்கு. 15 செ.மீ. சேர்ந்ததும் நுரை முனை வைத்த பனிவாரியால் தள்ளுங்கள். ஒட்டிய ஐஸைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்க் குழாய்களை வடித்து, சுடுநீர்த் தொட்டி இருந்தால் அதையும் காலிசெய்து, அதற்குள் போகாதபடி பைபாஸில் போட்டு, இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸை (முகாம் வண்டிக் குழாய்களுக்கான உறைதடுப்புத் திரவம்) ஒவ்வொரு குழாயிலும் நிறம் வரும்வரை பம்ப் செய்யுங்கள். காரில் ஊற்றும் பச்சை எத்திலீன் கிளைக்கால் விஷம், அதை இதில் ஊற்றக் கூடாது. ஈய பேட்டரியைக் கழற்றி முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள். முழு பேட்டரி -50 டிகிரியிலும் உறையாது, காலியானது -10 அளவிலேயே உறைந்து வெடிக்கும். புரொப்பேன் சிலிண்டரைக் கராஜுக்குள் கொண்டுபோகாமல் வெளியே நிறுத்துங்கள். எலிக்கு 6 மி.மீ. ஓட்டை போதும், டார்ச்சை உள்ளே எரியவிட்டு இருட்டில் அடியில் படுத்துப் பார்த்தால் எல்லா ஓட்டையும் தெரியும், ஸ்டீல் கம்பளியைத் திணித்து அடையுங்கள். நாஃப்தலின் உருண்டையால் எலி போகாது, மெத்தையிலிருந்து அந்த நாற்றமும் போகாது.

சில சின்னக் கேள்விகள்

*ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தலாமா?* ஒரு வாரத்துக்குச் சரி. மாதக்கணக்கில் போட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்துவிட்டு பிரேக்கை விடுவியுங்கள்.

*கூரை இணைப்பில் விரிசல், சிலிகான் பூசலாமா?* வேண்டாம். அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது, அடுத்த முறை புது சிலிகான்கூட ஒட்டாது. பழையதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு பாலியூரித்தேன் அல்லது ஹைபிரிட் சீலன்ட் போடுங்கள். தட்டையான கூரைக்குத் தானே பரவும் வகை, பக்கச்சுவருக்கு வழியாத வகை.

*ஜன்னலைக் கண்ணாடி கிளீனரால் துடைக்கலாமா?* அது கண்ணாடியல்ல, அக்ரிலிக். அம்மோனியாவும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் பட்டால் உள்ளே சிலந்தி வலைபோல் வெடிக்கும். நிறைய தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மைக்ரோஃபைபர் துணி. கொசுவிரட்டி தடவிய கையாலும் தொடாதீர்கள், அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

*உள்ளே என்ன வைக்கக் கூடாது?* ஸ்பிரே டின்கள். அவற்றின் மேலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று எழுதியிருக்கும். வெயிலில் பூட்டிய கேம்பர் அதைத் தாண்டிவிடும். லைட்டர், ஸ்டவ்வுக்கான சிறு பியூட்டேன் டப்பா, பவர் பேங்க் எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்துவந்துவிடுங்கள்.